குயின்ஸ் கேம்பிட்: கற்கும் முறையும் கறுப்பின் தற்காப்புகளும்

1.டி4 டி5 2.சி4. சதுரங்கத்தில் இந்த மூன்று நகர்த்தல்களோடு தொடங்கும் திறப்புக்குத்தான் குயின்ஸ் கேம்பிட் என்று பெயர். இதற்குப் பிறகு வரும் கிளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் பாதியில் அலுத்துப்போகும். அதைவிட ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது: கறுப்பின் சி8 பிஷப் எந்த வழியாக வெளியே வரப்போகிறது? கறுப்பு எடுக்கும் ஒவ்வொரு தற்காப்பும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது. வெள்ளையின் நல்ல திட்டங்கள் பெரும்பாலும் அந்தப் பதிலைக் கெடுக்கப் பார்க்கின்றன.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. ஏ முதல் எச் வரையிலான எழுத்து நெடுவரிசையை (ஃபைல்) குறிக்கும், எண் அதில் எத்தனையாவது கட்டம் என்பதைக் குறிக்கும். கட்டத்தின் பெயர் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்த்தல். குதிரை பிடி7 என்றால் பி ஃபைலில் நின்ற குதிரை டி7-க்குப் போகிறது. × என்றால் வெட்டு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் கறுப்பின் நகர்த்தல். ! நல்ல நகர்த்தல், ? தவறு, ?? பெரும் தவறு. பலகையை எதிரில் வைத்துக் காய்களை நகர்த்திக்கொண்டே படியுங்கள்.

சி4 எதற்காக

கறுப்பின் டி5 சிப்பாய் இ4 கட்டத்தைக் காவல் காக்கிறது. அதை ஓரத்துச் சிப்பாயால் தாக்கி, நடுப்பலகையிலிருந்து விலக்கப் பார்க்கிறது வெள்ளை. கறுப்பு வெட்டினால் அதன் நடுச் சிப்பாய் சி4-க்குப் போய்விடும், வெள்ளைக்கு இ4 திறக்கும். கேம்பிட் (ஆதாயத்துக்காகச் சிப்பாயைக் கொடுப்பது) என்று பெயர் இருந்தாலும் வெள்ளை உண்மையில் சிப்பாயை இழப்பதில்லை, ஏனென்றால் கறுப்பால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியாது. 2...டி×சி4 3.இ3 பி5 என்று காப்பாற்றப் பார்த்தால் 4.ஏ4 சி6 5.ஏ×பி5 சி×பி5 6.ராணி எஃப்3. எஃப்3-லிருந்து ஏ8 வரை மூலைவிட்டம் காலியாகக் கிடக்கிறது, மூலையில் யானை நிற்கிறது. யானையைக் காக்க ஒரு காயையாவது கொடுத்தாக வேண்டும். 4...ஏ6 போட்டாலும் பயனில்லை. 5.ஏ×பி5-க்கு ஏ6 சிப்பாயால் திருப்பி வெட்டினால் ஏ ஃபைல் திறந்து ஏ8 யானை போய்விடும். இந்த ஐந்தாறு நகர்த்தலை முதலில் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தொடக்க நிலை ஆட்டங்களில் இது அடிக்கடி வரும்.

கறுப்பு செய்யும் இன்னொரு சாதாரணத் தவறு 2...குதிரை எஃப்6. டி5-ஐக் குதிரை காக்கிறது என்று தோன்றும். 3.சி×டி5 குதிரை×டி5 4.குதிரை எஃப்3, அடுத்து இ4. குதிரை மறுபடி ஓட வேண்டும், வெள்ளைக்கோ நடுவில் இரண்டு சிப்பாய்கள் இலவசமாக வந்துசேரும். டி5-ஐச் சிப்பாயால் தாங்க வேண்டும். இ6, சி6 இரண்டும் முதன்மையான பதில்களாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

வெள்ளைக்கு ஒரு முழுத் திட்டம்: எக்ஸ்சேஞ்ச்

2...இ6-க்கு எதிராக வெள்ளைக்கு நிறைய வழிகள் உண்டு. புதிதாகக் கற்பவர் எக்ஸ்சேஞ்ச் வழியில் (டி5-ல் சிப்பாய்களை மாற்றிக்கொள்வது) தொடங்குவதே சரி என்பது எங்கள் கருத்து. சிப்பாய் அமைப்பு சீக்கிரமே உறுதியாகிவிடும். அதன் பிறகு திட்டம் தெரிந்தால் போதும், சரியான வரியை நினைவிலிருந்து தேட வேண்டியதில்லை.

3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.சி×டி5 இ×டி5 5.பிஷப் ஜி5 பிஷப் இ7 6.இ3 சி6 7.பிஷப் டி3 குதிரை பிடி7 8.ராணி சி2 காஸ்லிங் 9.குதிரை எஃப்3 யானை இ8 10.காஸ்லிங் குதிரை எஃப்8.

இந்த வரிசையில் மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, இ3 தள்ளுவதற்கு முன்பே பிஷப் ஜி5-க்குப் போய்விட்டது. முதலில் இ3 தள்ளியிருந்தால் வெள்ளையின் சொந்த சி1 பிஷப்பே உள்ளே அடைபட்டிருக்கும். இரண்டாவது, 4-ல் வெட்டியதால் கறுப்பின் இ6 சிப்பாய் டி5-க்குப் போனது, சி8 பிஷப்புக்கு வழி திறந்தது. அதற்கு மிகப் பொருத்தமான இடம் எஃப்5. டி3 பிஷப்பும் சி2 ராணியும் சேர்ந்து அந்த இடத்தைத்தான் மறுக்கின்றன. மூன்றாவது, ராஜா பக்கக் குதிரை அவசரப்பட்டு வெளியே வரவில்லை. அது சீக்கிரம் எஃப்3-க்கு வந்துவிட்டால் கறுப்பு எஃப்5-ல் பிஷப்பை வைப்பது எளிதாகிறது. மேலும் குதிரையை இ2-ல் வைத்து, எஃப்3, இ4 என்று நடுவில் தள்ளும் இன்னொரு திட்டமும் கைநழுவிப்போகும்.

இனி ராணி பக்கத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளைக்கு ஏ, பி என இரண்டு சிப்பாய், கறுப்புக்கு ஏ, பி, சி என மூன்று. குறைந்த சிப்பாய்களைக் கொண்டு அதிகச் சிப்பாய்களைத் தாக்குவதால் இதற்கு மைனாரிட்டி அட்டாக் என்று பெயர். 11.யானை ஏபி1 ஏ5 12.ஏ3, பிறகு பி4, பி5. கறுப்பு பி5-ல் வெட்டினால் டி5 தனித்துப்போகும். வெட்டாமல் விட்டால் வெள்ளை சி6-ல் வெட்டும், பி சிப்பாயால் திருப்பி எடுத்த பின் சி6 பலவீனமாகி, பாதி திறந்த சி ஃபைலில் வெள்ளை யானைகளுக்கு நிரந்தர இலக்காக நிற்கும். சி5 தள்ளித் தப்பித்தாலும் வெள்ளை டி×சி5 எடுத்து டி5-ஐக் குறிவைக்கும்.

கறுப்பு சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. ஒரு குதிரையை இ4-ல் ஊன்றி ராஜா பக்கம் தாக்கும், அல்லது குதிரையை டி6-க்குக் கொண்டுவரும். டி6 குதிரை பி5, சி4 இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் வெள்ளையின் பாய்ச்சல் மந்தமாகும். அந்தக் குதிரை அங்கே வருவதற்கு முன்பே பி5 தள்ளிவிடப் பாருங்கள்.

4-ல் கறுப்பு இ சிப்பாயால் எடுக்காமல் குதிரை×டி5 ஆடினால் 5.இ4 குதிரை×சி3 6.பி×சி3 சி5 7.குதிரை எஃப்3. வெள்ளைக்கு அகலமான நடுப்பலகை, கறுப்புக்கு அதைத் தாக்கும் வாய்ப்பு. 3...பிஷப் இ7 என்று நுட்பமாக ஆடுபவர்களும் உண்டு. அவர்கள் பிஷப் ஜி5-ஐத் தடுக்கிறார்கள். அங்கே 4.சி×டி5 இ×டி5 5.பிஷப் எஃப்4 ஆடினால் போதும்.

இந்தக் கிளையில் ஒரு பழைய பொறி இருக்கிறது, எலிஃபன்ட் டிராப் என்பார்கள். 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.பிஷப் ஜி5 குதிரை பிடி7 5.சி×டி5 இ×டி5. எஃப்6 குதிரை ராணிக்கு முன்னால் கட்டுண்டு நிற்கிறது, ஆகவே டி5 சிப்பாய் இலவசம் என்று வெள்ளைக்குத் தோன்றும். 6.குதிரை×டி5 குதிரை×டி5! 7.பிஷப்×டி8 பிஷப் பி4 செக். வெள்ளைக்கு இடையில் ராணியை வைப்பதைத் தவிர வேறு வழியில்லை: 8.ராணி டி2 பிஷப்×டி2 9.ராஜா×டி2 ராஜா×டி8. கணக்குப் பார்த்தால் கறுப்பு ஒரு சிப்பாய் கொடுத்து ஒரு குதிரை லாபம் பார்த்திருக்கும். கறுப்பின் எஃப்8 பிஷப் இன்னும் வீட்டில் இருந்து பி4-க்கு வழி திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே டி5-ல் கை வையுங்கள்.

கறுப்பு: டிக்ளைன்டு (2...இ6)

சி4-ஐ வெட்ட மறுத்து இ6 தள்ளிய உடனே சி8 பிஷப்பின் கதவு சாத்தப்படுகிறது. பதிலுக்கு நடு உறுதியாகிறது, எஃப்8 பிஷப் உடனே வெளியே வந்து சீக்கிரம் காஸ்லிங் செய்ய முடிகிறது. அடைபட்ட பிஷப்பைப் பிறகு விடுவிக்கலாம் என்பதே இந்தத் தற்காப்பின் சாரம். 1927-ல் புவெனஸ் அயர்ஸில் கபாப்ளாங்காவும் அலெக்கினும் ஆடிய உலக சாம்பியன் போட்டியின் 34 ஆட்டங்களில் 32 இந்தத் திறப்பில்தான் நடந்தன. அந்த அளவுக்கு நம்பகமானது.

விடுவிக்கும் வழிகளில் முதலில் கற்க வேண்டியது கபாப்ளாங்காவின் பெயரில் வழங்கும் முறை: 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.பிஷப் ஜி5 பிஷப் இ7 5.இ3 காஸ்லிங் 6.குதிரை எஃப்3 குதிரை பிடி7 7.யானை சி1 சி6 8.பிஷப் டி3 டி×சி4 9.பிஷப்×சி4 குதிரை டி5 10.பிஷப்×இ7 ராணி×இ7 11.காஸ்லிங் குதிரை×சி3 12.யானை×சி3 இ5. இரண்டு ஜோடிக் காய்கள் மாறிவிட்டன, நெரிசல் குறைந்தது, இ5 தள்ளியதும் சி8 பிஷப்புக்கு வெளியேறும் வாய்ப்பு பிறக்கிறது.

8-வது நகர்த்தலில் நின்று கவனியுங்கள். டி×சி4 ஏன் அதற்கு முன்பே வரவில்லை? வெள்ளையின் எஃப்1 பிஷப் அசையாமல் இருக்கும்போது வெட்டினால் அது ஒரே தாவலில் சி4-க்கு வந்துவிடும். டி3-க்குப் போன பிறகு வெட்டினால் சி4-ஐ எடுக்க அதற்கு மொத்தம் இரண்டு நகர்த்தல் ஆகிறது, கறுப்புக்கு ஒரு டெம்போ (ஒரு நகர்த்தலின் நேரம்) மிச்சம். அதனால் கறுப்பு வெட்டாமல் பயனுள்ள நகர்த்தல்களைச் செய்தபடி காத்திருக்கும். வெள்ளையும் யானை சி1, ராணி சி2 என்று பிஷப்பை அசைக்காமல் இழுத்தடிக்கும். இந்த இழுபறி புரியாமல் ஐந்தாவது நகர்த்தலிலேயே டி×சி4 போடுவதுதான் புதியவர்கள் இந்தத் தற்காப்பில் செய்யும் முக்கியமான தவறு.

இன்னொரு வழி டார்டகோவர்: 6...எச்6 7.பிஷப் எச்4 பி6. சி8 பிஷப் பி7 வழியாக வெளியே வரும். இதை வெள்ளை எப்படிக் கையாளலாம் என்பதற்கு 1972-ல் ரெய்க்யவிக்கில் ஃபிஷர் ஸ்பாஸ்கியை வென்ற ஆறாவது ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். டி5-லும் சி5-லும் அடுத்தடுத்து நிற்கும் கறுப்புச் சிப்பாய்கள் எப்படிச் சுமையாக மாறுகின்றன, 20.இ4 வந்ததும் பலகை எப்படி மாறுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

ஸ்லாவ் (2...சி6)

டி5-ஐ இ சிப்பாயால் தாங்காமல் சி சிப்பாயால் தாங்கினால் சி8 பிஷப்பின் மூலைவிட்டம் திறந்தே இருக்கும். ஆனால் அவசரம் கூடாது. 3.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4.குதிரை சி3 பிஷப் எஃப்5 என்றால் 5.சி×டி5 சி×டி5 6.ராணி பி3. பிஷப் போனதால் பி7 காவலின்றி நிற்கிறது, டி5-மேலும் அழுத்தம். 6...ராணி பி6 என்று எதிர்த்தால் 7.குதிரை×டி5 ராணி×பி3 8.குதிரை×எஃப்6 செக், பிறகு ஏ×பி3, வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். ஆகவே முதலில் 4...டி×சி4. இப்போது பி5 தள்ளிச் சிப்பாயைக் காப்பாற்றும் மிரட்டல் நிஜமானது என்பதால் வெள்ளை 5.ஏ4 ஆடும். அதன் பிறகே 5...பிஷப் எஃப்5. தொடர்ச்சி 6.இ3 இ6 7.பிஷப்×சி4 பிஷப் பி4 8.காஸ்லிங். ஏ4 தள்ளியதால் வெள்ளை விட்டுக்கொடுத்த பி4 கட்டத்தில் கறுப்பு பிஷப் அமர்ந்துவிட்டது.

4...இ6 ஆடினால் செமி ஸ்லாவ். அதில் 5.பிஷப் ஜி5 டி×சி4 போன்ற கிளைகள் மிகக் கூர்மையானவை, வரிசை தெரியாமல் இறங்கினால் இருபது நகர்த்தலுக்குள் ஆட்டம் முடிந்துவிடும். தொடக்கத்தில் தொட வேண்டாம்.

அக்செப்டட் (2...டி×சி4)

சிப்பாயை வைத்துக்கொள்ள முடியாது என்று பார்த்தோம். இங்கே வெட்டுவது காய்களைச் சுதந்திரமாக வெளியே கொண்டுவரத்தான். 3.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 4.இ3 இ6 5.பிஷப்×சி4 சி5 6.காஸ்லிங் ஏ6. அடுத்து பி5 தள்ளி டெம்போவோடு சி8 பிஷப்பை பி7-ல் வைப்பது கறுப்பின் ஆசை, 7.ஏ4 ஆடி அதைத் தடுப்பது வெள்ளையின் எளிய பதில். வெள்ளை 3.இ3 ஆடினால் கறுப்பு உடனே 3...இ5 தள்ளிச் சமன் தேடலாம். 3.குதிரை எஃப்3 அதைத் தடுப்பதால், வெள்ளையில் ஆடுபவருக்கு அதையே பரிந்துரைக்கிறோம்.

டாராஷ், ஆல்பின்

டாராஷ் (2...இ6 3.குதிரை சி3 சி5) டி5-ல் தனிச் சிப்பாயை ஏற்றுக்கொண்டு, பதிலுக்குக் காய்களுக்குத் திறந்த வழி கேட்கிறது. தாக்குதல் பிடித்தவர்களுக்கு நல்ல பாடம், எண்ட்கேமில் அந்தச் சிப்பாய் தொல்லை தரும்.

ஆல்பின் (2...இ5 3.டி×இ5 டி4) அவ்வப்போது எடுக்கும் ஆயுதம் மட்டுமே. ஆனால் வெள்ளையில் ஆடுபவர் அதன் பொறியைத் தெரிந்திருக்க வேண்டும்: 4.இ3? பிஷப் பி4 செக் 5.பிஷப் டி2 டி×இ3 6.பிஷப்×பி4?? இ×எஃப்2 செக் 7.ராஜா இ2 எஃப்×ஜி1, ராணியாக அல்ல, குதிரையாக மாறி செக்! 8.யானை×ஜி1 பிஷப் ஜி4 செக், ராஜாவுக்குப் பின்னால் நிற்கும் ராணி போச்சு. 4.குதிரை எஃப்3 ஆடினால் இந்தக் கவலை இல்லை. ஆல்பினையே தவிர்க்க 2.குதிரை எஃப்3 ஆடிவிட்டு 3-ல் சி4 தள்ளலாம்.

எதை எடுப்பது

வெள்ளை 1.இ4 என்று தொடங்கினால் அதற்கு எதிராக நீங்கள் ஆடுவதைப் பாருங்கள். காரோ-கான் (1...சி6) ஆடுபவருக்கு ஸ்லாவ் பழகிய வீடு மாதிரி, சிப்பாய் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. ஃபிரெஞ்சு (1...இ6) ஆடுபவருக்கு இ6-க்குப் பின்னால் பொறுமையாக இருக்கத் தெரியும், டிக்ளைன்டு பொருந்தும். இ5 ஆடி திறந்த ஆட்டங்களில் பழகியவர் அக்செப்டடை முயலலாம். இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்றால் டிக்ளைன்டு. அதில் கற்கும் சிப்பாய் அமைப்புகள் வேறு பல திறப்புகளிலும் வரும்.

ஒரு நேரத்தில் ஒரே தற்காப்பு. இருபது ஆட்டமாவது அதையே ஆடுங்கள். பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் வேக ஆட்டம்) வேண்டாம், ஆளுக்குப் பதினைந்து நிமிடமாவது இருக்கட்டும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் முழுவதையும் அலச வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்த வரியிலிருந்து யார் முதலில் விலகினார்கள், எந்த நகர்த்தலில் என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். எதிராளி விலகியிருந்தால் அந்த நகர்த்தல் எதைக் கைவிட்டது என்று நீங்களே யோசித்து எழுதிய பிறகு என்ஜினை (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) திறங்கள். கறுப்பில் ஆடியிருந்தால் இன்னொரு பத்தியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சி8 பிஷப் எந்த நகர்த்தலில், எந்தக் கட்டத்துக்கு வெளியே வந்தது. இருபதாவது நகர்த்தலிலும் அது வீட்டிலேயே இருந்த ஆட்டங்களைத் தனியே எடுத்து, இ5 அல்லது சி5 தள்ள முடிந்தும் தள்ளாமல் விட்ட இடத்தைத் தேடுங்கள்.