நண்பன் வீட்டுக்குக் கடலூர் வருபவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, சேலத்திலிருந்து காரில் வந்த மூன்று தம்பிகள் என் வீட்டு வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் டிக்கியைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தான். "அண்ணே, நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள துறைமுகத்துக்குப் போய் வஞ்சிரம் வாங்கிட்டோம். அண்ணி கையால ஒரு குழம்பு!" காலை ஆறு மணிக்கு வாங்கிய மீன். அதோடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய், பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுக்குப் போய், படகு ஏறி இறங்கி, ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அவர்கள்மேல் பாதி, இருபது வருடத்துக்கு முந்தைய என்மேல் மீதி. நானும் சேலத்துக்காரன்தான். இப்போது கடலூர் முதுநகர்வாசி. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது யாராவது விருந்தாளி வருவார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். தொப்பி போடுங்கள், தண்ணீர் எடுத்து வாருங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும்.

வழியில் சாப்பிட்டுவிட்டு வருவது

வராதீர்கள். இங்கே அடுப்பு ஐந்து மணிக்கே பற்றவைத்தாயிற்று.

மீனைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றுவது

2006-ல் நடந்தது. என் நண்பனுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட். "பைக்கை எடுத்துக்கோ, பிச்சாவரம் பார்த்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். நான் முதலில் துறைமுகத்துக்குப் போனேன். கடல் இல்லாத ஊர்க்காரனுக்கு மீன் ஏலம் என்பது திருவிழா. கூடை கூடையாக இறங்குகிறது, இரண்டு விரலை நீட்டி மடக்குவதற்குள் விலை முடிந்துவிடுகிறது. ஏலத்தில் எடுத்த ஒரு அம்மாவிடம் இரண்டரைக் கிலோ வஞ்சிரம் ஒன்றை வாங்கினேன். கண் பளிச்சென்று இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. முதுகை அழுத்தினால் பள்ளம் விழவில்லை. மீன் பார்க்கத் தெரிந்தவன் என்ற பெருமை வேறு.

அங்கிருந்து நண்பன் வீடு ஐந்து நிமிடம். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மத்தியானம் மீனும் கையுமாக வீட்டுக்குள் நுழைய வேண்டும், எல்லாரும் அசந்துபோக வேண்டும் என்று ஒரு ஆசை. பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பிச்சாவரம் போனேன். படகில் போன நேரமெல்லாம் பை வண்டியிலேயே, ஒரு மர நிழலில். நிழலில்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒன்றே காலுக்கு வீடு திரும்பினேன். நண்பனின் அம்மா பையை வாங்கி, மீனை அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தார். விரலால் வயிற்றை ஒருமுறை அழுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எப்ப வாங்கினீங்க தம்பி?"

"காலையிலதான்மா. ஃப்ரெஷ்!"

"சரி. புளியைக் கொஞ்சம் தூக்கலாப் போட்டுக்கலாம்."

அந்த 'சரி'யின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளை காசு போட்டு ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று எந்த அம்மா சொல்வார்? மண்சட்டியில் குழம்பு, தோசைக்கல்லில் நாலு துண்டு வறுவல். வறுவலைக் கடித்தபோது நாக்கில் மிளகு பட்டதுபோல் ஒரு சுருக். மசாலா என்று நினைத்து இன்னொரு துண்டும் எடுத்தேன்.

அரை மணி நேரத்தில் காது சூடானது. முகம் பீட்ரூட் நிறம். கழுத்திலிருந்து தடிப்பு தடிப்பாக அரிப்பு, தலை விண்விண் என்று தெறித்தது. நண்பனுக்கும் அதே கதை. இரண்டு பேரையும் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் நாடியைப் பிடிப்பதற்கு முன்பே கேட்டது இரண்டு கேள்வி. என்ன மீன்? வாங்கி எத்தனை மணி நேரம் ஆனது?

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயல்பாகவே அதிகம். மீன் செத்தபின் சூடு பட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வந்தால் நம் உடம்பே சுரக்கிற அதே சரக்குதான். அதைத் தட்டில் போட்டு வெளியிலிருந்து சாப்பிட்டால் அலர்ஜி மாதிரியே எல்லாம் வரும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. புளி, எலுமிச்சை, மஞ்சள் எதுவும் ஒன்றும் செய்யாது. ஐஸில் வைத்தாலும் ஏற்கெனவே உண்டானது குறையாது. மீன் நாறவே நாறாமல்கூட இது இருக்கும். காலையில் நான் பார்த்த கண்ணும் செவுளும் காலை ஆறு மணிக்குத்தான் செல்லும், மதியத்துக்குச் செல்லாது.

ஊசி போட்டு, ராத்திரிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பொதுவாக இது ஒரு நாளில் சரியாகிவிடும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். மூச்சு முட்டினால் யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. என் கோளாறு வேறு. அந்த அம்மாவும் ஒரு துண்டு சாப்பிட்டிருந்தார் என்பதை வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்த்தேன். முந்தானையால் கழுத்தைச் சொறிந்துகொண்டே எங்களுக்கு மோர் கலக்கிக்கொண்டிருந்தார். தெரிந்தும் ஏன் சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை.

ஆகவே, மீன் வாங்கினால் நேராக வீடு. அப்புறம்தான் ஊர். முடியாது என்றால் தெர்மகோல் பெட்டி எடுத்து வாருங்கள். மீன் எத்தனை கிலோவோ அத்தனை கிலோ உடைத்த ஐஸ், அடியில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு. அங்கேயே காசு கொடுத்து ஆய்ந்து, குடலை எடுத்துவிடச் சொல்லுங்கள். பாலிதீன் பைக்குள் நாலு ஐஸ் கட்டி போடுவது ஐஸ் வைத்த கணக்கில் வராது. பாதி வழியில் தண்ணீராகி மீன் அதிலேயே ஊறும்.

ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பிகளிடம் விலை கேட்டேன். ஆயிரத்து எண்ணூறு என்றான் ஒருவன். பையை வாங்கிக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். பூனைக்குக்கூடப் போடவில்லை. மூன்று பேர் முகமும் சுண்டிப்போனது. என் மனைவி முட்டைக் குழம்பும் கீரையும் வைத்தாள். பரவாயில்லை, தின்றார்கள்.

பிச்சாவரத்துக்குப் பதினோரு மணிக்குப் போவது

வெயில் மட்டும் பிரச்சினை இல்லை. தாமதமாகப் போனால் அவசரத்தில் மோட்டார் படகில் ஏறிவிடுவீர்கள். அது அகலமான வாய்க்காலில் ஓடித் திரும்பிவிடும். வேர்கள் தலைக்குமேல் கூரை போட்டதுபோல் இறங்கி நிற்கும் சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். அங்கே படகுக்காரர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, சுரபுன்னை வேரைக் கையால் பிடித்துத் தள்ளித் தள்ளிப் போவார். தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போவது. காலையில் முதல் படகுகளிலேயே ஏறப் பாருங்கள்.

அந்தக் காட்டில் கிளையை ஒடிக்காதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரமும் அங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பார்வையே போய்விடும், தோலில் பட்டால் கொப்புளம்.

தேவனாம்பட்டினம் கடலில் இறங்குவது

கால் நனைக்கலாம். முழங்கால் நனையக் கூடாது. நீச்சல் தெரியும் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

கோட்டை பார்க்கக் கிளம்புவது

செயின்ட் டேவிட் கோட்டை என்றதும் செஞ்சியைக் கற்பனை செய்துகொண்டு வருகிறார்கள். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்த கோட்டை. மிச்சம் கொஞ்சம்தான். கதைதான் பெரிது. 1690-ல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி இதை வாங்கியபோது, சுற்றிலும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்னும் அந்தக் குண்டைப் பெயரில் வைத்துக்கொண்டிருக்கிறது. கதை பிடித்தால் போங்கள்.

மே மாதம் வந்து வஞ்சிரம் கேட்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் முட்டையிடும் காலம் என்று அரசு தடை. அப்போது பெரிய மீன் கிடைத்தால், எங்கிருந்து எத்தனை நாள் ஐஸில் வந்தது என்று கேளுங்கள். கரையோரம் போகும் நாட்டுப்படகில் வருவதை, கழிமுகத்து நண்டு, இறாலை, மனமார வாங்குங்கள். அந்த மாதங்களில் பண்ருட்டிப் பலாவும் குவிந்து கிடக்கும். முழுப் பழம் வாங்கி பஸ்ஸில் ஏறாதீர்கள், சுளை வாங்குங்கள். முழுசாக வாங்கித்தான் தீருவேன் என்றால், கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவாமல் அதைத் தொடாதீர்கள்.

கருவாடு

மூன்று உறை போட்டுக் கட்டி, மேலே ஒரு பழைய பேப்பரும் சுற்றிக் கொடுத்தேன் தம்பிகளுக்கு. ஏசி காருக்குள் வைக்காதே, டிக்கியில் வை என்றும் சொன்னேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் போன் வந்துவிட்டது. பின்சீட்டில் வைத்திருக்கிறார்கள்.