சம்பா நெல்லுக்கு நுண்ணுயிர் விதைநேர்த்தி: முதல்முறை செய்பவர்களுக்கு

மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் நாற்றங்கால் வேலை கழுத்தை நெரிக்கும். அதற்கு முன்பே வாங்கி வைக்க வேண்டியவை மூன்று. அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்து வேருக்குத் தரும் பாக்டீரியா. பாஸ்போபாக்டீரியா, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துக் கொடுக்கும். சூடோமோனாஸும் பாக்டீரியாதான், குலைநோய்ப் பூஞ்சையை மட்டுப்படுத்தும். நல்ல பூஞ்சையும் உண்டு: டிரைக்கோடெர்மா. அதை நெல் தரிசில் விதைக்கும் உளுந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேரழுகலுக்கு நல்லது.

1. உப்புத் தண்ணீரில் பதர் நீக்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள்.

2. கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ், ஒரு லிட்டர் தண்ணீர். உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா இரண்டையும் இதிலேயே கலக்கலாம். ராத்திரி முழுக்க ஊறட்டும்.

பலருக்கும் பலன் கிடைக்காமல் போவது இந்த இடத்தில்தான். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியையும் அதே அண்டாவில் கொட்டிவிடுகிறார்கள். பூஞ்சைக்கொல்லியும், சூடோமோனாஸ் போன்ற உயிர்க் கட்டுப்பாட்டுப் பொருளும் ஒத்துப்போகாது. ஒன்று அது, அல்லது இது. பாக்கெட்டில் இருப்பது உயிர். வெயிலில் தொங்கவிட்டாலும் யூரியா மூட்டையோடு அடுக்கினாலும் செத்துப்போகும். வாங்கும்போதே காலாவதி தேதியைப் பாருங்கள். என் தேர்வு திரவ பாட்டில்தான். பொடியைவிட நெடுநாள் தாங்கும்.

3. தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் 24 மணி நேரம் மூட்டம் போட்டு, முளை வெள்ளையாய் எட்டிப் பார்த்ததும் விதையுங்கள்.

நெல்லைத் தாக்கும் துங்ரோ நோய்க்கு இதெல்லாம் உதவாது. அது வைரஸ், பச்சைத் தத்துப்பூச்சி பரப்புவது. பூச்சியைத்தான் கவனிக்க வேண்டும்.

நாற்றுப் பறிக்க இறங்குமுன் காலில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பாருங்கள். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா இருக்கலாம். காயம் வழியே உள்ளே போனால் எலிக்காய்ச்சல். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மாத்திரைக் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போய், வயலில் இறங்கியதைச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகிவிடும்.

பின்சேர்க்கை: திருவாரூர்ப் பக்கம் புழுதியில் நேரடியாக விதைப்பவர்கள், விதையை ஊறவைக்காமல் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். ஏக்கருக்கு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா இரண்டிலும் நான்கு 200 கிராம் பாக்கெட் எடுத்து, 10 கிலோ தொழு உரம், 10 கிலோ மண்ணோடு கலந்து தூவுங்கள். மண்ணில் ஈரம் இருக்கும் நாளாகப் பார்த்து, வெயில் தாழ்ந்தபின் தூவினால் நல்லது.