87 நிமிடத்தில் நின்றுபோன அதிர்வுப் பதிவு

சர்க்கரை ஆலை பாய்லரின் ஐடி ஃபேன் (புகையை இழுத்து வெளியேற்றும் விசிறி) இரவு ஷிஃப்டில் மட்டும் ஆடுகிறது என்றார்கள். பகலில் அதிர்வை அளந்து பதியும் அனலைசரை வைத்தால் ஒன்றும் சிக்கவில்லை. சரி, ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று விட்டால், காலையில் 87 நிமிடப் பதிவுதான் இருந்தது. பேட்டரியில் குறையில்லை, கார்டில் இடமும் இருந்தது.

கோப்பின் அளவைப் பார்த்ததும் விளங்கியது: 4 ஜிபி. ஃபாட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த கார்டில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளராது. 4 சேனல், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 51,200 மாதிரிகள் (அளவீடுகள்), மாதிரிக்கு 4 பைட் என்றால் அங்கேதான் போய் முட்டும்.

ஃபேனின் முழு வேகமே 980 ஆர்பிஎம், 16 ஹெர்ட்ஸ் சொச்சம். 1,000 ஹெர்ட்ஸ் வரை பார்த்தால் தாராளம். மாதிரி வேகத்தை 2,560 ஆக்கினேன். 8 மணி நேரம் 1.2 ஜிபிக்குள் அடங்கியது. (பேரிங் பழுதைத் தேடுகிறவர்கள் இப்படிக் குறைக்காதீர்கள், அதன் ஆரம்ப அறிகுறி உயர் அதிர்வெண்ணில்தான் வரும்.) சென்சார் கேபிளையும் ஒரு சாண் தள்ளி டேப் போட்டு ஒட்டினேன். கேபிள் ஆடினாலே பொய் அதிர்வு பதிவாகும்.

நான்காவது சேனலில் இருந்த, சுழல் வேகத்தை அளக்கும் டேக்கோதான் விஷயத்தைச் சொன்னது. நள்ளிரவில் லோடு குறைந்ததும் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவான விஎஃப்டி, வேகத்தை 840 ஆர்பிஎம்முக்கு, அதாவது 14 ஹெர்ட்ஸுக்கு இறக்குகிறது, அதிர்வு உடனே மூன்று மடங்காகிறது. ஃபேனை நிறுத்திச் சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் பீடத்தின் இயல்பு அதிர்வெண்ணும் அதே 14 ஹெர்ட்ஸ்; இரண்டும் ஒன்றானதால்தான் ஆட்டம் பெருகியது. டிரைவில் 800 முதல் 880 ஆர்பிஎம் வரை ஸ்கிப் (அந்த வேகங்களில் நிற்காமல் தாண்டிப்போகும் அமைப்பு) கொடுத்ததோடு புகார் நின்றது.