மழைக் கணக்குக்குச் சரியான மணி வேண்டும்: வீட்டுக் கம்ப்யூட்டர் கடிகாரத்தை நேராக வைப்பது

ஏற்காட்டில் ஒரு சின்னக் காப்பித் தோட்டத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். மழைக் கணக்கும் என் பொறுப்பு. மழைமானியின் வயர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருகிறது. எத்தனை மில்லிமீட்டர் என்பதை மழைமானி சொல்லும், எத்தனை மணிக்கு என்பதைக் கம்ப்யூட்டர்தான் எழுதும். வானிலைத் துறைக் கணக்கில் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடிகிறது. காலையில் பெய்த மழை எட்டரைக்கு முன்னா பின்னா என்று தெரியாவிட்டால் அது வேறு நாள் கணக்கில் போய் விழும். மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழைதான் காப்பிச் செடியைப் பூக்க வைக்கிறது. மழை விழுந்து ஏறக்குறைய பத்து நாளில் பூ. அந்தத் தேதி எனக்குத் துல்லியமாக வேண்டும்.

கடிகாரம் தப்பாக இருந்தால் உடனே திருத்தாதீர்கள். எவ்வளவு தப்பு என்று முதலில் பாருங்கள், காரணம் அதிலேயே தெரிந்துவிடும். பிரவுசரில் 'டைம் டாட் ஈஸ்' தளத்தைத் திறந்தால் உங்கள் கடிகாரம் எத்தனை நொடி முந்துகிறது, பிந்துகிறது என்று காட்டும்.

சில நொடியோ சில நிமிடமோ என்றால் அது இயல்பான நழுவல். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது மணியைக் காப்பது நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் துண்டு. 25 டிகிரி வாக்கில் ஒழுங்காக ஓடும். சூடு கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகும். சேலத்துச் சித்திரை வெயிலும் சரி, ஏற்காட்டு மார்கழிக் குளிரும் சரி, அதைப் பின்னால்தான் இழுக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு நொடி நழுவுவது சாதாரணம். இதற்கு மருந்து இணைய நேர சர்வர், அதாவது கேட்கிறவர்களுக்கு இணையம் வழியாகச் சரியான மணி சொல்லும் கம்ப்யூட்டர்.

விண்டோஸில் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், டேட் அண்ட் டைம் என்று போய், நேரத்தைத் தானாக அமைக்கும் பொத்தானை ஆன் செய்து, 'சின்க் நவ்' அழுத்துங்கள். சர்வரை மாற்ற, கண்ட்ரோல் பேனலில் டேட் அண்ட் டைம், அதில் 'இன்டர்நெட் டைம்', பிறகு 'சேஞ்ச் செட்டிங்ஸ்'. நான் போட்டிருப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர்: டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஓஆர்ஜி. இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களால் காப்பவர்கள் அவர்கள்தான். மூல இடத்திலேயே மணி கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கிருந்து பதில் வராவிட்டால் இன் டாட் பூல் டாட் என்டிபி டாட் ஓஆர்ஜி போடுங்கள். இரண்டையும் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும்.

எதைப் போட்டாலும் பிழை என்றே வருகிறதா? போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு தடவை முயலுங்கள். அதில் சரியானால் குறை உங்கள் ரவுட்டரிலோ இணைப்பிலோ இருக்கிறது: நேரச் செய்தி போய்வரும் வாசலை (யுடிபி 123 போர்ட்) எங்கோ அடைத்திருக்கிறார்கள். ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை என்றால் சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் டைம்' ஓடுகிறதா என்று பார்த்து, அதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள்.

சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பு என்றால் சர்வரைக் குறை சொல்ல வேண்டாம், அது நேர மண்டலக் கோளாறு. பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்று ஒரே வரியில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஐந்தரை மணி வரும். உள்ளே இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருப்பது) விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதுதான் காரணம்.

தேதி பல வருடம் பின்னால் போய், பிரவுசரும் எந்தத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று தடுத்தால், மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரிதான் இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பழையது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே புதியதைப் போடுங்கள். லேப்டாப் என்றால் கடைக்காரரிடம் கொடுப்பதே நல்லது. மாற்றிய பிறகு நேராகச் 'சின்க் நவ்' அழுத்தினால் பலிக்காமல் போகலாம். வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வீட்டு விண்டோஸ் திருத்தத்தை ஏற்காது. அதன் வழக்கமான அமைப்பே அப்படி. தேதியையும் மணியையும் கையால் கிட்டத்தட்டச் சரியாக வைத்துவிட்டு, அப்புறம் சின்க் செய்யுங்கள். இது தெரியாமல் நல்ல சர்வரை மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் மரக்கிளை விழுந்து கரண்ட் போய்த் திரும்பும்போது, கம்ப்யூட்டர் உடனே எழுந்துவிடும். ரவுட்டருக்கு இணைப்பு கிடைக்க நேரமாகும். அந்த இடைவெளியில் நேரம் கேட்டால் பதில் வராது. ரவுட்டரில் இன்டர்நெட் விளக்கு நிலையாக எரிந்த பிறகு 'சின்க் நவ்' அழுத்தி, கடைசியாகச் சரிபார்த்த நேரம் மாறியதா என்று பார்த்த பின்பே மழைமானி மென்பொருளைத் திறக்கிறேன்.