கம்யூனிட்டி காலேஜ் என்றால் தயங்காதீர்கள்

கம்யூனிட்டி காலேஜ் என்பது இங்குள்ள இரண்டாண்டு அரசுக் கல்லூரி. கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களிடம் "பக்கத்துல கம்யூனிட்டி காலேஜ் இருக்கு, சேர்ந்துடுங்க" என்றால் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ஊரில் 'கம்யூனிட்டி' என்றால் சாதிச் சான்றிதழ். காலேஜ் என்றால் கட் ஆஃப். கேட்டவர்க்கெல்லாம் இடம் கிடைக்கிற கல்லூரி எப்படி நல்லதாக இருக்கும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான எச்-4 விசாவில் வந்து வீட்டிலேயே அடைந்து கிடக்கும் தங்கைகளுக்குத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். வேலை பார்க்கத்தான் தனி அனுமதி வேண்டும், படிக்க அது தேவையில்லை. மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறாமலே ஒரே ஒரு பாடம்கூட எடுக்கலாம். நான் மாலை வகுப்பில் அக்கவுண்டிங் எடுத்தேன். பக்கத்து இருக்கையில், வேலை முடிந்து சீருடையோடு வந்த பேருந்து ஓட்டுநர். அவர் மகள் வயதுப் பெண் முன் வரிசையில். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தபோது பேராசிரியரே அழைத்து, அரைமணி நேரம் என் விடைத்தாளை வரி வரியாகப் பார்த்தார். பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள். பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுகிறார்கள்; மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு ஆண்டுப் படிப்புக்கான 60 யூனிட்டுக்கு 2,760. புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. மாநிலவாசி ஆவதற்கு, வகுப்பு தொடங்கும் முன் ஓராண்டுக்கு மேல் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். அதுவரை பல மடங்கு கட்டணம். ஆகவே வந்த நாள் முதலே வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வரித் தாள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

பிள்ளைகள் இங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டு யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றுக்கு மாறலாம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறும், சொன்ன பாடங்களும் மதிப்பெண்ணும் இருந்தால் இடம் உறுதி என்கின்றன. அதற்குச் செப்டம்பரில் 'டேக்' (TAG) என்ற இட உறுதி விண்ணப்பம் போட வேண்டும். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் இந்த உறுதி தருவதில்லை. ஆனாலும் அங்கே போனவர்கள் ஏராளம். இங்கே படிக்கும் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லுபடியாகும் என்பதை அசிஸ்ட் (ASSIST) இணையதளத்தில் பார்த்த பிறகே பதிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாடம் ஒத்துவராவிட்டால் வகுப்புக்குப் போவதைச் சும்மா நிறுத்திவிடாதீர்கள். கெடு தேதிக்குள் நீங்களே 'ட்ராப்' செய்து, அதாவது பாடத்திலிருந்து பெயரை நீக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மதிப்பெண் பட்டியலில் எஃப், அதாவது தோல்வி, ஏறிவிடும்.