முப்பது கெஜத்துக்குள்: குறுக்குவில்லால் வெண்வால் மான் வேட்டை

இடது தோளில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லை என்னால் இழுக்க முடியவில்லை. அதனால்தான் கிராஸ்போவுக்கு, அதாவது துப்பாக்கி போல விசையை அழுத்தி எய்யும் குறுக்குவில்லுக்கு மாறினேன். நான் வசிக்கும் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி தொடக்கம் வரை போகும். அது முழுவதும் குறுக்குவில்லுக்கு அனுமதி உண்டு. போன நவம்பரில் ஏதன்ஸ் கவுண்டியின் மலைச்சரிவு ஒன்றில், எட்டு முனைக் கொம்புள்ள ஓர் ஆண் மானை 22 கெஜத்தில் எய்தேன். எண்பது கெஜம் ஓடி விழுந்தது. அதற்கு முந்தைய வருடம் இதே சரிவில் ஒரு மானை எய்து, கண்டுபிடிக்க முடியாமல் இழந்தேன். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, வேட்டை உரிமம், அதற்கு மேல் மான் பெர்மிட். தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி எழுத்தில் கையில் இருக்க வேண்டும். ஓஹையோவில் ஒருவருக்கு ஒரு வருடத்தில் கொம்புள்ள மான் ஒன்றுதான், எந்த ஆயுதத்தால் வேட்டையாடினாலும் சரி. அதனால் கண்ணில் படும் முதல் கொம்பை எய்ய அவசரப்பட வேண்டாம்.

இனி வில். என் வில்லின் இழுவிசை 175 பவுண்டு. கொக்கி வைத்த கயிற்றால் இழுத்தால் கைக்கு அதில் பாதி எடைதான் தெரியும். தோள் காரணமாக நான் கைப்பிடி சுற்றி ஏற்றும் கிராங்க் வைத்திருக்கிறேன். எப்படி ஏற்றினாலும் நாண் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். கொஞ்சம் ஒருபக்கமாக வந்தாலும் அம்பு பக்கவாட்டில் விலகிவிடும். வில்லின் முன்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் அம்பு ஓடும் தடத்துக்குக் கீழேயே இருக்கட்டும். நாண் பாயும் வழியில் விரல் இருந்தால் விரல் போய்விடும், இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அம்பு இல்லாமல் ஒருபோதும் விசையை அழுத்தாதீர்கள், வில்லே உடையும். அம்பின் வால் காடி, அதாவது நாணில் பொருந்தும் முனை, எந்த வகை என்பதை வில்லோடு வரும் கையேட்டில் பார்த்து அதையே வாங்குங்கள். நாணுக்கு மெழுகு தேய்க்க மறக்க வேண்டாம்.

பயிற்சி முனையில் குறி சரியாக இருக்கிறது என்று வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள் பலர். வேட்டைக்கு வைக்கும் அகல முனை காற்றில் வேறு மாதிரி பறக்கலாம். அந்த முனையைப் பொருத்தியே 20, 30 கெஜத்தில் எய்து பாருங்கள். நின்றபடி மட்டுமல்ல, உட்கார்ந்தபடியும், உயரத்திலிருந்து கீழே பார்த்தும்.

வில் அதற்கு மேலும் எட்டுமே, ஏன் முப்பதோடு நிறுத்துகிறேன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். என் அம்பின் வேகம் நொடிக்கு 380 அடி. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,100 அடி. முப்பது கெஜம் என்பது 90 அடி. வில்லின் ஓசை 0.08 நொடியில் மானின் காதை எட்டிவிடும். அம்பு போய்ச் சேர 0.24 நொடி ஆகும். நடுவில் இருக்கும் அந்த 0.16 நொடியில் மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும், அம்பு குறிக்கு மேலே போய்விடும். நாற்பது கெஜத்தில் இந்த இடைவெளி 0.21 நொடி. இருபதில் 0.10 மட்டுமே. வில் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ஒலியை முந்தாது. ஏற்கெனவே மிரண்டு தலை தூக்கி நிற்கும் மானை இருபதில்கூட நான் எய்ய மாட்டேன்.

எங்கே உட்காருவது? அக்டோபரில் வெள்ளை ஓக் மரத்தைத் தேடுங்கள். இலையின் மடல்கள் உருண்டிருந்தால் வெள்ளை ஓக், கூராக இருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மான்கள் அதைத்தான் முதலில் தின்னும். நவம்பரில் நிலைமை மாறும். அப்போது இணைசேரும் பருவம் உச்சத்துக்கு வரும், ஆண் மான் தீனியை விட்டுவிட்டுப் பெண் மானின் பின்னால் சுற்றும். கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த இளமரங்களையும், குளம்பால் பறித்த தரையையும் தேடினேன். அவை இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்திருந்த ஒரு கணவாயில் சேர்ந்தன. பரண் அங்கேதான்.

காற்றைப் பற்றி இந்த நிலத்தின் உரிமையாளரான பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மான் கண்ணால் பார்த்ததை இரண்டாம் முறை பார்த்து உறுதி செய்துகொள்ளும், மூக்கில் ஏறியதைச் சந்தேகிக்காது என்பார். வெயில் ஏறினால் சரிவில் காற்று மேலே எழும்பும், மாலையில் கீழே இறங்கும். அதனால் காலையில் மான் நடக்கும் தடத்துக்கு மேலேயும், மாலையில் தடத்துக்குக் கீழேயும் உட்காருவது நல்லது. விடிவதற்கு முன்னால் குளிர்காற்று இன்னும் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கும், எனவே போகும் வழியைக்கூட அதற்கேற்ப மாற்றினேன். சின்னப் பொடி டப்பா ஒன்றைப் பையில் வைத்து காற்றின் திசை தெரிய அடிக்கடி பீய்ச்சிப் பாருங்கள்.

பரணில் ஏறும்போது தரையை விட்ட கணம் முதல் திரும்பத் தரையைத் தொடும்வரை விழாமல் தாங்கும் பட்டைக் கச்சை, அதாவது உடல் முழுவதற்குமான ஹார்னஸ், கட்டியிருக்க வேண்டும். வில்லைத் தூக்கிக்கொண்டு ஏறக் கூடாது. நான் மரத்தடியிலேயே நாண் ஏற்றி, பாதுகாப்பு விசையைப் போட்டு, அம்பு பொருத்தாமல் கயிற்றில் கட்டி மேலே இழுப்பேன். உட்கார்ந்ததும் வில்லின் இரு பக்கமும் நீளும் கைகள் பரணின் கம்பியிலோ கிளையிலோ இடிக்குமா என்று எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

அன்று ஏழே முக்காலுக்கு ஒரு பெண் மான் கணவாயில் இறங்கியது. அது போய்ச் சிறிது நேரத்தில், தலையைத் தரையோடு வைத்து முகர்ந்தபடி கொம்பன் வந்தது. நடந்துகொண்டிருந்த மானை எய்வது தவறு. வாயால் மெதுவாக "மே" என்றேன், நின்றது. எனக்குப் பக்கவாட்டில், சற்றே என்னை விட்டு விலகித் திரும்பியிருந்தது. இதைவிட நல்ல கோணம் கிடையாது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், வயிற்றுக் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. விலகி நிற்கும்போது மறுபக்க முன்னங்கால் வழியாக அம்பு வெளியேறும்படி இன்னும் கொஞ்சம் பின்னால். நேருக்கு நேராக நிற்கும் மானை நான் எய்வதில்லை.

எய்ததும் பின்னங்கால்களை உதைத்துவிட்டு ஓடை பக்கம் பாய்ந்தது. இந்த நேரத்தில் கொண்டாடாதீர்கள், பாருங்கள். எந்த மரத்தருகே கடைசியாகத் தெரிந்தது? எனக்கு அது வெள்ளை அடிமரம் கொண்ட ஒரு சிக்கமோர். அதை மனதில் குறித்துக்கொண்டு, கடிகாரம் பார்த்து, அசையாமல் உட்கார்ந்தேன்.

பிறகு இறங்கி அம்பைப் பாருங்கள். அதுதான் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும். வெளிர்சிவப்பாக, நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் போதும். நுரையே இல்லாத கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், குறைந்தது நான்கு மணி நேரம். பச்சைப் பிசுக்கும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விலகி இருங்கள்.

முந்தைய வருடம் என் அம்பில் இருந்தது கருஞ்சிவப்பு. எனக்குத் தெரியும். ஆனாலும் இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டேன். அறுபது கெஜத்தில் படுத்திருந்த மான் என்னைக் கண்டு எழுந்து ஓடியது. அது ஓடியபின் ரத்தத் தடமும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் காகங்கள் அதை எனக்குக் காட்டின. இறைச்சி கெட்டிருந்தது. அந்த மான் பொறுமையாகச் சாக நான் விட்டிருந்தால், படுத்த இடத்திலேயே அமைதியாக முடிந்திருக்கும்.

இந்த முறை அம்பில் நுரை இருந்தது. அரை மணிக்குப் பிறகு, ரத்தம் தெரிந்த ஒவ்வோர் இடத்திலும் கழிப்பறைக் காகிதத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டே நடந்தேன். தடம் தொலைந்தால் திரும்பிப் பார்க்கும்போது அந்த வெள்ளைத் துண்டுகள் திசை காட்டும். சிக்கமோருக்கு அப்பால் கிடந்தது. பின்பக்கமாக அணுகி நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன், இமைக்கவில்லை.

உடனே டேக்கை, அதாவது மானில் கட்டும் அடையாளச் சீட்டை, நிரப்பிக் கட்டுங்கள். மறுநாள் நண்பகலுக்குள் கேம் செக், அதாவது எய்த மானை மாநிலத்திடம் தெரிவிக்கும் பதிவு, செய்தாக வேண்டும். அப்புறம் கையுறை போட்டு, தோலைத் தூக்கிப் பிடித்து, கத்தியின் வெட்டும் விளிம்பை மேல்நோக்கி வைத்து வயிற்றைத் திறங்கள். குடலும் சிறுநீர்ப்பையும் கிழியக் கூடாது. உதரவிதானத்தை அறுத்து, மூச்சுக்குழலை மேலே எட்டிப் பிடித்து வெட்டினால் எல்லாம் சேர்ந்து வெளியே வரும். பின்னங்கால் உள்மூட்டில் இருக்கும் கருமுடிச் சுரப்பியைத் தொட்ட கையால் இறைச்சியைத் தொடாதீர்கள். வெயிலான நாள் என்றால் உடல் குழிக்குள் ஐஸ் பைகள் வைத்துச் சீக்கிரம் குளிர வையுங்கள்.

சமைக்கும்போது மானின் கொழுப்பை முழுவதும் சீவி எடுத்துவிடுங்கள், ஆறினால் மெழுகு போல நாக்கில் ஒட்டும். முதுகுத் துண்டத்தைக் குக்கரில் போட வேண்டாம். விரல் தடிமனுக்கு நறுக்கி, மிளகும் உப்பும் தடவி, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். முதல் தட்டு எங்கள் வீட்டில் எப்போதும் பெரியவருக்குத்தான் போகும்.