கொட்டிலில் மட்டும் கரண்ட் இல்லாதபோது

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நாட்களில், ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மாட்டுக் கொட்டில் மட்டும் இருண்டு கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கம்பத்து லைனே போயிருந்தால் அயல்வீடுகளிலும் வெளிச்சம் இராது. அப்போது மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு அறிவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கொட்டிலில் மட்டும் கரண்ட் இல்லையென்றால், வீட்டுக்குள் இருக்கும் மெயின் சுவிட்ச் பலகையிலிருந்து தொடங்குங்கள். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு மழையில் ஓடி, சாணியும் தண்ணீரும் கலந்த தரையில் நின்று சுவிட்சைத் தட்டிப் பார்க்க வேண்டாம். 230 வோல்ட் ஆளைக் கொல்லும்.

பலகையில் கொட்டிலுக்கான பிரேக்கர் விழுந்திருந்தால், அதை ஒரே ஒரு தடவை மட்டும் உயர்த்திப் பார்க்கலாம். உடனே அதுவே மறுபடியும் விழுந்தால் எங்கோ இரண்டு வயர்கள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று கொள்ளலாம். சிறிது நேரம் கழித்து விழுந்தால் சுமை கூடிவிட்டது. பிரேக்கர் நிற்க, ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுவதும் இருண்டால், கொட்டில் பக்கத்தில் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. வீடுகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும் என்பதால், ஈரம் பிடித்த ஒரு பல்ப் ஹோல்டரே அதற்குப் போதும். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுப்பவர்களும் உண்டு. அதைவிடக் கொட்டிலில் குப்பி விளக்கு ஏற்றுவது மேல்.

அடுத்து, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கொட்டிலுக்குப் போய், புல் வெட்டும் மெஷின், தண்ணீர் மோட்டார், கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பல்ப் என எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பெரும்பாலான சுவிட்சுகள் கரண்ட் வரும் வயரான லைனை மட்டுமே துண்டிக்கும், அது திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் இணைந்தே இருக்கும். பின்பு மெயினை உயர்த்தி, ட்ரிப் சுவிட்ச் நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கும்போது குற்றவாளி தானே அகப்படும்.

எல்லாம் கழன்ற பின்னும் விழுந்தால் பழுது வயரில்தான். இதில் ஆளைக் குழப்பும் ஒரு நிலை உண்டு: கொட்டில் பிரேக்கரை இறக்கி வைத்த பிறகும், வீட்டில் கேத்தலைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழும். கேத்தலைக் குறை சொல்ல வேண்டாம். கொட்டில் வயரின் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுவதாலும் இப்படி ஆகலாம். அந்த வயரின் லைன், நியூட்ரல் இரண்டையும் பலகையிலிருந்து பிரித்தால்தான் அது தெரியவரும். அது வயரிங் பாஸின், அதாவது மின்வேலை தெரிந்தவரின் வேலை.

எதுவுமே விழாமல் கொட்டில் இருண்டிருந்தால், வயர் அறுந்திருக்கிறது அல்லது ஒரு முனை தளர்ந்திருக்கிறது. பிளக் துளையில் டெஸ்டர் எரிகிறதே என்று திருப்தியடைய வேண்டாம். பல்ப் சுவிட்ச் போட்டிருக்கையில் இரண்டு துளைகளிலும் அது எரிந்தால், பெரும்பாலும் நியூட்ரல்தான் போயிருக்கிறது.

எங்கள் கொட்டிலில் ஒரு மழைக்காலத்தில் நடந்ததும் அதுவே. பாஸ் மெயினை இறக்கி, வாசல் தூணிலிருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் இரண்டு கரண்டி அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. ஸ்குரூவுக்குக் கீழே செம்பு பச்சைக் களிம்பாகி, தொட்டவுடன் உதிர்ந்தது. மேலிருந்து சரிந்து வந்த வயர் வழியே மழைநீர் நேராகப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. வயரைப் பெட்டிக்குக் கீழாக ஒரு வளைவு இறக்கி, அடிப்பக்கத்திலிருந்து உள்ளே கொண்டுபோன பிறகு, நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுகிறது. அத்துடன் 500 வோல்ட் மெகர் என்ற கருவியை வைத்து வயர் உறையின் காப்புத்தடையை அளக்கும்படி அவரிடம் கேட்டேன்; ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை மாற்றியே ஆக வேண்டும். எங்களுடையது தப்பித்துக்கொண்டது.